மரம் ஆறினால் மனை நிலைக்கும்

புது வீடு கட்டிக் குடிபுகுந்தவர், மறு ஆண்டே தச்சரைத் தேடி அலைவதை நம் அங்கத்தினர்கள் பலரும் கண்டிருப்பர். ஐப்பசி மழையில் அவ்வீட்டுக் கதவு சாத்த வராது. சித்திரை வெயிலில் சாத்திய கதவின் இடுக்கு வழியே தெரு தெரியும். நிலைக்கும் சுவருக்கும் நடுவே விரல் நுழையும். வீட்டுக்காரர் தச்சரை நோவார். தச்சர் மரக்கடைக்காரரை நோவார். மரக்கடைக்காரர் மழையை நோவார். இம்மூவரையும் விட்டு நான்காவதாக ஒருவர் உண்டு. மரத்தை ஆறவிடாத அவசரமே அவர். கடன் வாங்கிக் கட்டிய வீட்டில் இந்த அவசரம் கேட்கும் வட்டி, எந்தக் கடனுக்குரிய வட்டியினும் கொடியது.

இவ்வட்டியின் கணக்கை முற்றும் அறிந்தவர்கள் வடதேசத்து மக்கள். நம் வீடுகளில் மரவேலை என்பது நிலை, கதவு, சன்னல், உத்திரம் இவற்றோடு நின்றுவிடும். நார்வே, சுவீடன், பின்லாந்து, வடருஷ்யா ஆகிய நாடுகளின் கிராமங்களிலோ வீட்டின் சுவரே மரம். கதவு ஒன்று கோணினால் நமக்குத் தொல்லை. அங்கு மரம் சுருங்கினால் வீடு முழுவதுமே இறங்கிவிடும். ஆகையால் மரத்தை வெட்டி, பட்டை உரித்து, ஆறவைத்து, ஆறிய பின்னும் அது சுருங்குவதற்கு இடம்விட்டுக் கட்டும் கலையை அவர்கள் பல நூற்றாண்டுகளாகப் போற்றி வளர்த்துள்ளனர். அக்கலையின் கூறுகள் நமக்கும் பெரிதும் பயன்படும்.

சுவரெல்லாம் மரம்

பைன், ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரங்களின் நேரான அடிமரங்களைத் தேர்ந்து, அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைத்துச் சுவர் எழுப்புவர். மூலைகளில் ஒரு மரத்தை வெட்டி மற்றொரு மரத்தில் பொருத்துவர். மேல்மரத்தின் அடிப்பக்கத்தில் நெடுகப் பள்ளம் செதுக்கி, அது கீழ்மரத்தின் முதுகில் கச்சிதமாக அமரும்படி செய்வர். பள்ளம் மேல்மரத்தின் அடியில் இருப்பதால் மழைநீர் அதில் தங்காது. இடுக்குகளில் உலர்ந்த பாசியைத் திணித்துக் குளிர்காற்றைத் தடுப்பர்.

இவ்வாறு எழுந்த கட்டடங்களின் ஆயுள் நமக்கு வியப்பளிப்பது. நார்வே நாட்டின் தெலெமார்க் வட்டாரத்தில், எய்ட்ஸ்போர் என்னுமிடத்தில் ஒரு பழைய மரக் களஞ்சியம் இருக்கிறது. ஆண்டு வளையங்களைக் கொண்டு கணித்ததில், அதன் மரங்கள் 1167ஆம் ஆண்டில் வெட்டப்பட்டவை எனத் தெரியவந்துள்ளது. ருஷ்யாவின் ஓனேகா ஏரியிலுள்ள கீழித் தீவில், 22 கும்மட்டங்களோடு கூடிய மரத் தேவாலயம் ஒன்று 1714ஆம் ஆண்டில் எழுந்தது. 1990ஆம் ஆண்டில் அது உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாக ஏற்கப்பெற்றது. பழுதுற்ற மரங்களை அவ்வப்போது மாற்றி, முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக அதைக் காத்து வருகின்றனர். பைன் மரம் நம் தேக்கைப் போன்ற வன்மரம் அன்று. எளிய மரத்துக்கு இத்துணை ஆயுள் வாய்த்ததற்கு, அதைத் தேர்ந்து ஆறவைத்தவரின் பொறுமையும், ஈரம் அண்டாமல் கட்டியவரின் அறிவுமே காரணம்.

மரத்தினுள் இருக்கும் நீர்

நெல்லை ஈரத்தோடு மூட்டை கட்டினால் என்ன ஆகும் என்பதை உழவருக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. 14 சதவிகித ஈரத்துக்கு உலர்த்திய பிறகே நெல்லைக் குதிரில் இடலாம். நெசவாளருக்கும் இவ்விஷயம் புதிதன்று. கைக்கு உலர்ந்ததாகத் தோன்றும் பருத்தி நூலிலும் ஈரம் உண்டு, 8.5 சதவிகிதம் என்பது நூல் வாணிபத்தில் ஒப்புக்கொள்ளப்பட்ட அளவு. பருத்தியும் மரமும் செல்லுலோஸ் என்னும் ஒரே பொருளைக் கொண்டு ஆனவை. காற்றில் ஈரம் மிகுந்தால் இரண்டும் அதை உறிஞ்சும். காற்று வறண்டால் இரண்டும் அதை வெளிவிடும்.

மரத்தின் ஈரத்தைக் கணக்கிடும் முறையில் ஒரு வேறுபாடு உண்டு. நெல்லுக்கு மொத்த எடையில் நீர் எத்தனை பங்கு என்று பார்ப்பர். மரத்துக்கோ, முற்றும் உலர்ந்த மரத்தின் எடையோடு நீரின் எடையை ஒப்பிடுவர். 1,500 கிராம் எடையுள்ள பச்சை மரத்துண்டு, அடுப்பில் முற்றும் உலர்ந்தபின் 1,000 கிராம் நின்றால், அதன் ஈரம் 50 சதவிகிதம். இக்கணக்குப்படி, புதிதாக வெட்டிய பைன் மரத்தின் வெளிறில் ஈரம் 100 சதவிகிதத்தைத் தாண்டுவதும் உண்டு. அதாவது மரத்தினும் நீரே மிகுதி. வைரம் பாய்ந்த நடுப்பகுதியில் ஈரம் இதனினும் மிகக் குறைவு.

இந்நீர் இருவகையாக நிற்கிறது. மரத்தின் நுண்ணறைகளில் குடத்து நீர்போல் நிறைந்திருப்பது ஒருவகை. அறைகளின் சுவர்களிலேயே ஊறியிருப்பது மற்றொரு வகை. குடத்து நீர் முதலில் வெளியேறும். அப்போது மரத்தின் எடை குறையுமேயன்றி அளவு குறையாது. ஈரம் ஏறக்குறைய 30 சதவிகிதத்துக்கு இறங்கியதும் சுவரில் ஊறிய நீர் வெளியேறத் தொடங்கும். மரம் சுருங்கத் தொடங்குவது அப்போதுதான். வெட்டிச் சில வாரமே ஆன மரத்தைக் கையில் எடுத்து, 'கனம் குறைந்துவிட்டது, இனி வேலைக்கு எடுக்கலாம்' என்று எண்ணுவோர் ஏமாறுவது இவ்விடத்தில்தான். கனம் குறைந்தது உண்மையே. சுருக்கம் இனிமேல்தான் வரவிருக்கிறது.

வெட்டும் காலம்

வடதேசத்தார் வீட்டுக்குரிய மரத்தை மாரிக்காலத்தில் வெட்டுவர். அப்பருவத்தில் மரத்தின் நீர் வேருக்கு இறங்கிவிடும் என்பது நெடுநாளைய நம்பிக்கை. அளந்து பார்த்தால் மாரியிலும் மரத்தில் நீர் நிறைந்தே இருக்கும். மாரியில் வெட்டுவதன் நன்மை வேறிடத்தில் உள்ளது. உறைபனியில் வண்டுகளும் பூஞ்சைகளும் செயலற்றுக் கிடக்கும். வெட்டிய மரத்தை அவை தாக்கமாட்டா. பனி மூடிய நிலத்தின்மேல் பெருமரங்களைக் குதிரை பூட்டிய சறுக்குவண்டியில் எளிதாக இழுத்துவரலாம். குளிர்காற்றில் மரம் மெல்ல உலரத் தொடங்குவதால் வெடிப்பும் குறையும். வேனில் வருமுன் மரம் பட்டை நீங்கி அடுக்கில் ஏறிவிடும்.

மரம் நிற்கும்போதே ஆயத்தம் செய்வதும் உண்டு. பழைய நாளில் நார்வேயில் பைன் மரத்தை வெட்டுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே அதன் பட்டையைச் சீவிவிடுவர். காயம்பட்ட மரம் தன் உடலில் பிசினை ஊறச்செய்து, அழுகலை எதிர்க்கும் திறன் பெறும். பர்மாவிலும் மலபாரிலும் தேக்கு வெட்டியோர் இதனையொத்த முறையைக் கையாண்டனர். அடிமரத்தைச் சுற்றி வளையமாக வெட்டி, ஏறக்குறைய மூன்றாண்டுகள் நிற்கவைத்தே உலர்த்துவர். பச்சைத் தேக்கு நீரில் அமிழும். இவ்வாறு நின்று உலர்ந்த தேக்கு மிதக்கும். ஆற்று வழியே அதைக் கொண்டுசெல்ல இம்முறை இன்றியமையாததாயிற்று.

பட்டை உரித்தலும் அடுக்குதலும்

வெட்டிய மரத்தின் பட்டையை விரைவில் உரித்துவிட வேண்டும். பட்டை ஈரத்தை உள்ளே அடைத்துவைக்கும். அதன் அடியில் வண்டுகள் முட்டையிட்டுப் பெருகும். உரித்த மரத்தைத் தரையில் கிடத்தலாகாது. ஓரடி அல்லது ஒன்றரையடி உயரமுள்ள தாங்கிகளின்மேல் வரிசையாக வைத்து, வரிசைக்கு வரிசை குறுக்குச் சட்டங்களை இட்டு அடுக்குவர். அச்சட்டங்கள் ஒன்றுக்கு நேர்மேலே மற்றொன்றாக இருத்தல் அவசியம். இடம் மாறி வைத்தால் மேலுள்ள பாரம் கீழ்மரத்தை வளைத்துவிடும். அடுக்கின்மேல் கூரை வேண்டும். பக்கங்கள் திறந்திருக்க வேண்டும். வெயிலும் மழையும் மரத்தின்மேல் படலாகாது. காற்று மட்டும் தடையின்றிப் புகுந்து வெளிவர வேண்டும்.

மரத்தின் இரு முனைகளுக்கும் தனிக் கவனம் தேவை. நீர் பக்கவாட்டில் கசிவதைக் காட்டிலும் முனைகளின் வழியே பன்மடங்கு விரைவாக வெளியேறும். அதனால் முனை முதலில் சுருங்கி வெடிக்கும். மெழுகோ வண்ணமோ பூசி முனைகளை அடைத்துவிடுவது இதற்கு மருந்து. நம் ஊர்களில் சாணமும் மண்ணும் குழைத்துப் பூசும் வழக்கத்தின் கருத்தும் இதுவே.

எத்தனை காலம் உலர்த்த வேண்டும்? தடிமனைப் பொறுத்தே விடை அமையும். தடிமன் இரட்டித்தால் காலம் இரட்டிப்பதோடு நில்லாது, மூன்று நான்கு மடங்காகும். ஓர் அங்குலப் பலகை சில மாதங்களில் ஆறிவிடும். ஓரடி விட்டமுள்ள முழுமரத்தின் நடுப்பகுதி ஆறுவதற்குப் பல ஆண்டுகள் செல்லும். வடஅமெரிக்காவில் இக்கலைஞர் வகுத்துக்கொண்ட விதிகளில் 19 சதவிகிதமும் அதற்குக் குறைவுமான ஈரமுள்ள மரமே உலர்ந்த மரம் எனக் கொள்ளப்படும். 20 சதவிகிதத்துக்குக் கீழ் நிற்கும் மரத்தை அழுகல் பூஞ்சை தாக்காது என்பது இங்கு நினைவில் வைக்கத்தக்கது.

வெடிப்புக்கு இடம் வகுத்தல்

முழுமரம் உலரும்போது வெடிப்பு வராமல் தடுக்க முடியுமா? முடியாது என்பதே அனுபவம் கண்ட முடிவு. காரணம் எளிது. மரம் எல்லாத் திசையிலும் ஒரே அளவாகச் சுருங்குவதில்லை. நீளவாட்டில் அதன் சுருக்கம் மிக அற்பம். நடுவிலிருந்து வெளிப்புறம் நோக்கிய திசையில், பச்சை நிலையிலிருந்து முற்றும் உலரும்வரை, பைன் மரம் ஏறக்குறைய 4 சதவிகிதம் சுருங்கும். ஆண்டு வளையங்களை ஒட்டிய சுற்றுத் திசையில் ஏறக்குறைய அதைப்போல் இருமடங்கு சுருங்கும். சுற்றளவு மிகுதியாகவும் விட்டம் குறைவாகவும் சுருங்கினால், சுற்றுப்புறம் எங்கேனும் ஓரிடத்தில் பிளந்தே தீரவேண்டும்.

வடதேசத்துத் தச்சர் இவ்விதியோடு போராடவில்லை. அதற்கு இடம் வகுத்துக் கொடுத்தனர். ஒவ்வொரு மரத்தின் முதுகிலும் நெடுக ஒரு வாள்வெட்டை நடுவை நோக்கி ஆழமாக இடுவர். மரம் உலரும்போது அவ்வெட்டே விரிந்து கொடுக்கும். பிற இடங்களில் பெருவெடிப்பு தோன்றாது. மேல்மரம் அதன்மீது அமர்ந்து வெட்டை மூடிவிடும். வெளிப்பார்வைக்கும் தெரியாது, மழைநீரும் புகாது. வரத்தான் போகிறது என்று அறிந்த தொல்லைக்கு முன்கூட்டியே வாய்க்கால் வெட்டிவைப்பது உழவர்க்கு நன்கு விளங்கும் நுட்பம்.

சுவர் இறங்கும்

ஆறிய மரத்தைக் கொண்டு கட்டினாலும், மரச்சுவர் சில ஆண்டுகள் சிறிது சிறிதாக இறங்கிக்கொண்டே இருக்கும். பச்சை மரத்தைக் கொண்டு கட்டினாலோ, ஓரடி உயரத்துக்கு முக்கால் அங்குலம்வரை இறங்கும் எனக் கணக்கிட்டு இடம்விடுவர். எட்டடிச் சுவருக்கு இது ஆறு அங்குலமாகும். சன்னலின் மேல்சட்டத்தைச் சுவரோடு இறுக்கிவிட்டால், ஆறு அங்குலம் இறங்கிவரும் சுவரின் பாரம் முழுவதும் கண்ணாடியின்மேல் விழும்.

ஆகையால் சன்னலுக்கும் கதவுக்கும் மேலே இடைவெளி விட்டு, அதில் ஆட்டுக்கம்பளி போன்ற மெதுவான பொருளைத் திணித்து, முகப்பில் பலகையால் மறைப்பர். நிலைச்சட்டத்தைச் சுவர்மரங்களோடு ஆணியடித்துப் பிணைக்கமாட்டார்கள். மரங்களின் வெட்டுமுனைகளில் செங்குத்தாகப் பள்ளம் எடுத்து, அதில் ஒரு சட்டத்தைச் செருகி, அதனோடு நிலையைப் பொருத்துவர். சுவர் அச்சட்டத்தின்மேல் வழுக்கிக்கொண்டு இறங்கும். செங்கல் புகைபோக்கி சுருங்காது. எனவே கூரை அதைத் தொடாமல் இறங்குவதற்கு வழிசெய்வர். நிற்கும் தூண்களும் நீளவாட்டில் சுருங்கமாட்டா. அவற்றின் கீழ்த் திருகுதாங்கி வைத்து, ஆண்டுக்கு ஆண்டு சிறிது இறக்கிவிடுவர். பின்லாந்தின் கிராமங்களில் சுவரெழுப்பிக் கூரையிட்டபின் ஓராண்டோ அதற்கு மேலோ வீட்டை அப்படியே நிற்கவிட்டு, அது அமர்ந்த பின்னரே சன்னலும் உட்பலகையும் பொருத்துவது வழக்கம்.

ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்கலாகாதா என்பது நம் பழமொழி. அப்பழமொழியை அவர்கள் அறியார். ஆயினும் அதன்படி வீடு கட்டினர்.

இக்கலை இன்று மறைந்துவிடவில்லை. தொழிற்சாலைகளில் மரத்தைச் சட்டங்களாக அறுத்து, சூட்டறையில் உலர்த்தி, பசையிட்டு ஒட்டிப் பெருமரமாக்கும் முறை இப்போது பரவியுள்ளது. சூட்டறையில் மாதக்கணக்கு நாட்கணக்காகக் குறைகிறது. பின்லாந்தின் புதாஸ்யார்வி என்னும் ஊரில் 2016ஆம் ஆண்டில் பெரியதொரு பள்ளிக்கூட வளாகமே மரச்சுவர்களால் எழுந்தது. இயந்திரம் வந்தது; ஆறிய பிறகே கட்டுவது என்ற விதி மட்டும் மாறவில்லை.

காத்திருக்க வல்லவர் யார்?

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழும். காத்திருப்பது நன்று, ஆனால் ஏழைக்குக் காத்திருக்க வசதி ஏது? கடன் தொகை கைக்கு வந்த அன்றே மரம் வாங்குகிறோம். வாடகை வீட்டின் கெடு முடியுமுன் குடிபுக வேண்டும். ஓராண்டு முன்னதாக மரம் வாங்கி அடுக்கிவைக்க முதல் இல்லை. முதல் இருந்தால் இடம் இல்லை.

இது நியாயமான ஐயம். வடதேசத்துக் குடியானவரும் செல்வர் அல்லர். அவர்கள் கண்ட வழி கூட்டுழைப்பு. பின்லாந்தில் 'தல்கோத்' என்றும், நார்வேயில் 'துக்னாத்' என்றும் அதற்குப் பெயர். ஒருவர் வீட்டுக்கு மரம் இழுக்கவும் சுவரேற்றவும் ஊரார் கூலியின்றிக் கூடுவர், வீட்டுக்காரர் உணவளிப்பார், அடுத்தவர் வீட்டுக்கு இவர் செல்வார். காடுடைய சிறு குடியானவர்கள் பின்னாளில் மரத்தை விற்பதிலும் இவ்வழியையே மேற்கொண்டனர். 1947ஆம் ஆண்டில் கூட்டுறவு அமைப்பாக உருப்பெற்ற மெட்சாலீட்டோ என்னும் சங்கத்தில் இன்று ஏறக்குறைய 90 ஆயிரம் காட்டுடைமையாளர்கள் அங்கத்தினர்களாக உள்ளனர். அறுவை ஆலைகளும் காகித ஆலைகளும் அவர்களுக்குச் சொந்தம். தனியொருவரால் இயலாத பொறுமை, பலர் கூடியவிடத்து இயல்கிறது.

நாம் செய்யத்தக்கவை

நமக்கு மரச்சுவர் வேண்டுவதில்லை. நிலையும் கதவும் தறியும் நேராக நின்றால் போதும். நெய்த துணியைச் சுற்றும் உருளைமரம் இழையளவு கோணினாலும் துணியின் இழுவிசை ஒருபுறம் தளர்ந்து ஒருபுறம் இறுகும். அந்தக் கோணலுக்கு நெசவாளர் தம் கூலியில் விலை கொடுப்பார். ஆகையால் பின்வரும் யோசனைகளை அங்கத்தினர் முன் வைக்கிறோம்.

முதலாவதாக, மரத்தை முழுத்தடியாக உலர்த்த முயல வேண்டாம். வெட்டியவுடன் தேவையான அளவுக்குச் சற்றுக் கூடுதலாக அறுத்துவிடுங்கள். சுருக்கத்துக்கும் இழைப்புக்கும் அக்கூடுதல் வேண்டும். வெளிறு மிகுந்த மரத்தை, குறிப்பாக மாமரத்தை, உளுக்கும் வண்டு எளிதில் தாக்கும். நிலைக்கும் தறிக்கும் வைரம் பாய்ந்த பகுதியையே எடுங்கள்.

இரண்டாவதாக, தரைக்கு ஓரடி உயரத்தில், நிழலில், ரீப்பர் கட்டைகளை ஒன்றுக்கு நேர்மேலே மற்றொன்றாக இட்டு அடுக்குங்கள். முனைகளுக்கு மெழுகு அல்லது வண்ணம் பூசுங்கள். நம் கோடை வெயிலில் திறந்தவெளியில் போட்ட பலகை விரைவில் உலரும். விரைவிலேயே பிளக்கவும் செய்யும்.

மூன்றாவதாக, ஆறியதா என்பதைக் கையால் தூக்கிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அடுக்கின் நடுவிலிருந்து ஒரு பலகைக்குக் குறியிட்டு, பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை அதை நிறுத்து, எடையையும் தேதியையும் அதன்மீதே எழுதிவாருங்கள். தொடர்ந்து மூன்று முறை எடை குறையாமல் நின்றால், அம்மரம் நம் ஊர்க் காற்றோடு சமநிலை எய்திவிட்டது என்று கொள்ளலாம். நம் பகுதிகளில் அது ஏறக்குறைய 10 முதல் 15 சதவிகித ஈரமாக இருக்கும். மழைமாதத்தில் எடை குறையாமலிருப்பதை மட்டும் நம்பிவிட வேண்டாம். காற்றின் ஈரமே அதற்குக் காரணமாகலாம். ஒரு கோடை கண்டபின் முடிவு செய்வது நலம்.

நான்காவதாக, வீட்டுக்கு மனை பார்க்கும்போதே மரத்தையும் பாருங்கள். அடித்தளம் போடும் நாளில் மரம் அடுக்கில் ஏறியிருந்தால், சுவர் எழும் காலமெல்லாம் அது உலர்ந்துகொண்டிருக்கும், செலவு கூடுவதில்லை.

ஐந்தாவது யோசனை சங்கத்துக்கு உரியது. பத்து அங்கத்தினர் அடுத்த ஆண்டு வீடு கட்ட எண்ணினால், அவர்களுக்கு வேண்டிய மரத்தைச் சங்கமே ஒருமித்து வாங்கி, ஒரே முறையாக அறுத்து, பொதுக் கொட்டகையில் அடுக்கிவைக்கலாம். கடனின் ஒரு பகுதியை முன்கூட்டியே மரமாக வழங்கலாம். கொட்டகைக்கு வேண்டுவன நான்கு தூண்களும் ஒரு கூரையும் காற்றுமே. தனியாருக்குச் சுமையாகும் ஓராண்டுக் காத்திருப்பு, பலரிடையே பகிர்ந்தால் எவருக்கும் சுமையாவதில்லை.

நெல்லை உலர்த்தாமல் குதிரில் இடாத உழவரும், பாவுக்கு இட்ட கஞ்சி காயாமல் தறியில் ஏற்றாத நெசவாளரும், வீட்டு மரத்துக்கு மட்டும் பொறுமை இழப்பது பொருந்துமா? அடுத்த பொதுக்குழுவில் இதனை அங்கத்தினர் எவரேனும் எடுத்துப் பேசுவாராக. கதவு ஒழுங்காகச் சாத்தும் ஒரு வீடு, அதில் பிறக்கும் குழந்தைக்கும் பயன்படும்.